பழைய கணினியும் அழையா விருந்தாளிகளும்



கேரளத்தின் கிழக்கெல்லையில், பாலக்காட்டைச் சார்ந்த கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் முதலிய ஊர்களிலும், இடுக்கியைச் சார்ந்த மூணாறு, மறையூர், பூப்பாறை, வண்டிப்பெரியாறு முதலிய மலையூர்களிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. அக்குடும்பத்துப் பிள்ளைகள் பலர் இன்று பெங்களூரிலும் புனேயிலும் மும்பையிலும் அலுவல் பார்க்கின்றனர். அவர்கள் புதுக் கணினி வாங்கியதும், பழையது ஊருக்கு வந்து சேருகிறது. தாத்தாவின் கைத்தடி பேரனுக்கு வருவது அக்காலத்து வழக்கம். பேரனின் கணினி தாத்தாவுக்கு வருவது இக்காலத்து வழக்கம் போலும்!

அப்படி வந்து சேர்ந்த கணினி வீட்டின் கூடத்திலே ஒரு மூலையில் வீற்றிருக்கிறது. காலையில் அதன் பொத்தானை அழுத்திவிட்டு அடுக்களைக்குச் சென்று, பால் காய்ச்சி, காப்பி கலந்து, அதைக் குடித்தும் முடித்துத் திரும்பினால், அது இன்னும் கண் விழித்த பாடில்லை. திரையிலே வட்டம் சுழன்றுகொண்டே இருக்கிறது. வீட்டார் உடனே ஒரு தீர்ப்புச் சொல்லி விடுகின்றனர்: "இதற்கு வயதாகி விட்டது."

இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறு என்பதே இன்று நான் சொல்ல வந்த விஷயம்.

மாட்டுக்கு வயதானால் கால் தளரும். கணினியின் உள்ளே இருக்கும் சில்லு அவ்வாறு தளர்வதில்லை. பத்தாண்டுகளுக்கு முன்னர் ஒரு வினாடியில் எத்தனை கணக்குகளைப் போட்டதோ, ஏறக்குறைய அத்தனையையே இன்றும் போடுகிறது. காற்றாடியில் தூசி அடைத்து வெப்பம் மிகுந்தால், தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வது உண்டு. பாலக்காட்டுக் கணவாயின் காற்றும் பங்குனி வெயிலும் அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு தூரிகை கொண்டு தூசியைத் தட்டினால் அக்குறை தீரும். மற்றபடி, மாறியது இயந்திரமன்று. அதன் முதுகில் ஏறிய சுமைதான்.

அந்தச் சுமை எப்படி ஏறியது? கணினியில் நாம் நிறுவும் மென்பொருள்களில் பல, "கணினி விழிக்கும்போதே நானும் விழிப்பேன்" என்று நம்மைக் கேளாமலே ஓர் ஏற்பாட்டைச் செய்துகொள்கின்றன. தமக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகச் சில. தம் முகத்தை விரைவாகக் காட்டுவதற்காகச் சில. வேறொரு மென்பொருளை நிறுவும்போது, நாம் படிக்காமல் 'அடுத்து, அடுத்து' என்று அழுத்தியதால் உடன் நுழைந்தவை சில. ஒவ்வொன்றும் சிறியதே. ஆனால் எட்டுப் பத்து ஆண்டுகளில் அவை முப்பது நாற்பதாகச் சேர்ந்துவிடுகின்றன.

போடிமெட்டு மலைச்சாலையை அறிந்தவர்கள் நேயர்களுள் இருப்பீர்கள். அதிகாலையில் தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குச் செல்லும் மக்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் அவ்வழியே ஏறும். பாதை ஒன்று, வளைவோ குறுகல். வேலை இல்லாத வண்டிகளும் அதே நேரத்தில் அதே சாலையில் நுழைந்தால் என்ன ஆகும்? வேலைக்குப் போகும் ஜீப்பு பின்னால் முனகிக்கொண்டு நிற்கும். பழைய கணினியின் காலைப் பொழுது இத்தகையதே.

இங்கே குறுகலான பாதை எது என்றால், அது ஹார்ட் டிஸ்க் என்னும் சுழலும் தட்டு. மேசைக் கணினிகளில் இது பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கிறது. தட்டின் மேல் ஒரு முனை நகர்ந்து நகர்ந்து செய்தியைப் படிக்கிறது. வேண்டிய இடத்துக்கு அம்முனை சென்று சேரவும், தட்டு சுழன்று அவ்விடம் கீழே வரவும் சராசரியாக 12 அல்லது 13 மில்லி வினாடி ஆகும். அஃதாவது, இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிய துண்டுகளை வினாடிக்கு எண்பது முறைக்கு மேல் எடுத்துத் தருவது அதற்கு அரிது. ஒரே தொடராகக் கிடக்கும் செய்தியை வினாடிக்கு நூறு மெகாபைட் அளவில் வாசிக்கும் அதே தட்டு, சிதறிய சிறு துண்டுகளுக்காக அலையும்போது வினாடிக்கு ஒரு மெகாபைட்டுக்கும் கீழே இறங்கி விடுகிறது. நாற்பது மென்பொருள்கள் ஒரே கணத்தில் "எனக்கு, எனக்கு" என்று கை நீட்டினால், முனை ஓடுவதிலேயே காலம் கழிகிறது.

விழித்த பிறகும் தொல்லை ஓய்வதில்லை. வந்த விருந்தாளிகள் ராம் எனப்படும் நினைவகத்திலே பாய் விரித்து அமர்ந்துவிடுகின்றனர். பழைய கணினியில் நினைவகம் 2 ஜிகாபைட்டே இருக்கலாம். அதில் பாதிக்கு மேல் விண்டோஸ் தனக்கே எடுத்துக்கொள்ளும். எஞ்சிய இடமும் நிரம்பினால், கணினி அந்தச் சுழலும் தட்டின் ஒரு பகுதியையே நினைவகமாகப் பாவித்து எழுதியும் படித்தும் சமாளிக்கிறது. மறுபடியும் அதே குறுகலான பாதை.

காப்பி குடிக்கும் நேரம்தானே, காத்திருந்தால் என்ன என்று கேட்கலாம். நகரத்தில் இருப்பவர்க்கு அது சரி. இடுக்கியின் மழைக்காலத்தை எண்ணிப் பாருங்கள். காற்றில் மரக்கிளை முறிந்து மின்கம்பியின் மேல் விழும். மின்சாரம் போகும், வரும், மீண்டும் போகும். யு.பி.எஸ். பெட்டியின் மின்கலமோ பழையது. ஐந்து நிமிடம் தாங்கினால் அதிகம். ஒரே முற்பகலில் கணினியை மூன்று நான்கு முறை புதிதாகத் தொடங்க நேரும். ஒவ்வொரு முறையும் ஏழு நிமிடம் என்றால், இணையத்தில் பிள்ளையின் கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தவர் நிரப்புவதைக் காட்டிலும் காத்திருப்பதே மிகுதி. பிறகு கணினியை விட்டுவிட்டு, பஸ் ஏறி, ஊரிலுள்ள அட்சய மையத்துக்குப் போக வேண்டும். 2002ஆம் ஆண்டு கேரள அரசு தொடங்கிய இந்த மையங்கள் பேருதவி புரிபவையே. ஆயினும் தோட்டத்துத் தொழிலாளிக்கு அது ஒரு நாள் கூலியை இழக்கும் காரியம்.

இனி, களை எடுக்கும் விதத்தைச் சொல்வதற்கு முன், களையோடு பயிரையும் பிடுங்கிய ஒரு கதையைச் சொல்கிறேன்.

கொழிஞ்சாம்பாறையில் என் பெரியம்மா இருக்கிறார். தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். புனேயில் இருக்கும் தம் மகனுக்கு வாரம் ஒரு கடிதம் மின்னஞ்சலில் எழுதுவார். அக்கம்பக்கத்தார்க்கு அரசு அலுவலகத்துக்கான விண்ணப்பங்களையும் எழுதித் தருவார். கேரளத்தில் தமிழ்ச் சிறுபான்மையினர் வாழும் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்பது நேயர்கள் அறிந்ததே. கணினி மெதுவாகிவிட்டது என்று ஒருவரை அழைத்துக் காட்டினார். வந்தவர் கெட்டிக்காரர், தொடக்கப் பட்டியலைத் திறந்து, மேலிருந்து கீழ்வரை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்று மாலை பெரியம்மா தொலைபேசியில் என்னிடம் சொன்னார்: "கண்ணு, பெட்டி இப்போ வேகமாத்தான் ஓடுது. ஆனா தமிழைக் காணோமே!"

நடந்தது இதுதான். என்.எச்.எம். ரைட்டர், இகலப்பை போன்ற தமிழ் விசைப்பலகை மென்பொருள்களும் கணினி விழிக்கும்போதே உடன் விழித்து, திரையின் கீழ்மூலையில் சிறு சின்னமாக அமர்ந்திருப்பவை. அவற்றின் உதவியால்தான் ஆங்கில எழுத்துப் பொறித்த விசைகளில் தமிழ் எழுந்து வருகிறது. வந்தவருக்குத் தமிழ் எழுதும் வழக்கம் இல்லை. அவர் கண்ணுக்கு அது பெயர் தெரியாத, பெரிய நிறுவனத்தின் முத்திரை இல்லாத, வேண்டாத ஒரு பொருள். அவர் மேல் குற்றமில்லை. எது வேண்டாதது என்பதை வீட்டுக்காரரிடம் ஒரு சொல் கேட்காமல் முடிவு செய்ததுதான் பிழை. அயல் மாநிலத்தில் உங்கள் கணினியைப் பழுது பார்க்கக் கொடுக்கும்போதும் இது நேரக்கூடும். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஆகவே வேலையை நாமே செய்வது நல்லது. கடினமும் அன்று. விண்டோஸ் 8, 10, 11 ஆகியவற்றில், கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் என்னும் பலகை திறக்கும். அதில் ஸ்டார்ட்-அப் என்ற பகுதிக்குச் செல்லுங்கள். பலகை சுருங்கித் தோன்றினால், கீழே உள்ள 'மேலும் விவரம்' என்ற பொருள்படும் சொல்லை முதலில் அழுத்த வேண்டும். இன்னும் பழைய விண்டோஸ் 7 இருப்பின், விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தி, தோன்றும் கட்டத்தில் எம், எஸ், சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்னும் எட்டு எழுத்துகளை இடைவெளியின்றித் தட்டினால், அதே பட்டியல் வேறு உருவில் கிடைக்கும்.

பட்டியலில் ஒவ்வொரு மென்பொருளின் பெயரும், அதை வெளியிட்டவர் பெயரும், இயங்குகிறதா நிறுத்தப்பட்டதா என்ற நிலையும் இருக்கும். விண்டோஸ் 8 முதல் மற்றொரு தகவலும் உண்டு. தொடக்கத்தை அது எவ்வளவு தாமதப்படுத்துகிறது என்பதை உயர்வு, நடுத்தரம், குறைவு என்று மதிப்பிட்டுக் காட்டுகிறது. இது வெறும் ஊகமன்று. சில்லின் நேரத்தில் ஒரு வினாடிக்கு மேலோ, தட்டின் போக்குவரத்தில் 3 மெகாபைட்டுக்கு மேலோ எடுத்துக்கொள்வது 'உயர்வு' என்று கணக்கு. அந்த வரிசையில் உள்ளவற்றை முதலில் பாருங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, பட்டியல் முழுவதையும் எழுதிக்கொள்ளுங்கள். கைபேசியால் படம் பிடித்தாலும் போதும். எனக்கென்னவோ நோட்டுப் புத்தகத்தில்தான் நம்பிக்கை. பிறகு ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: இது யார்? எதற்காக வந்தார்? இன்றும் அந்த வேலை இருக்கிறதா?

பழைய கணினியின் பட்டியலைப் படிப்பது பழைய பெட்டியைக் கிளறுவது போன்றது. என்றோ விற்றுவிட்ட கைபேசியைக் கணினியோடு இணைக்க வைத்த மென்பொருள் அதில் இருக்கும். யு.எஸ்.பி. துளையில் செருகி இணையம் பெற்ற சிறு டாங்கிள்களின் காலம் நினைவிருக்கிறதா? டாங்கிள் தொலைந்து பல்லாண்டுகள் ஆகியும், அதன் மென்பொருள் மட்டும் தினமும் காலையில் எழுந்து எசமானைத் தேடும். உடைந்து குப்பைக்குப் போன அச்சுப்பொறியின் பணியாளும் அங்கேயே இருப்பான். ஸ்கைப் என்னும் பேச்சுச் சேவை 2025 மே மாதம் 5ஆம் நாள் மூடப்பட்டது. அதற்குப் பின்னும் அது பட்டியலில் காத்துக்கொண்டிருந்த கணினிகளைக் கண்டிருக்கிறேன். இவற்றையெல்லாம் தயங்காமல் நிறுத்தலாம். பாட்டு, விளையாட்டு, அலுவலகக் கூட்டம் முதலியவற்றுக்கான மென்பொருள்களையும் நிறுத்தலாம். தொடக்கத்தில் நிறுத்தினால் அவை அழிந்துவிடுவதில்லை. நாம் சொடுக்கி அழைக்கும்போது வரும், அழையாதபோது வராது. அவ்வளவே வேறுபாடு.

நிறுத்தலாகாதவை எவை? கிருமிகளிலிருந்து காக்கும் பாதுகாப்பு மென்பொருள், மடிக்கணினியின் தொடுபலகைக்கும் ஒலிக்கும் உரியவை, நம் தமிழ் விசைப்பலகை. படங்களையும் கோப்புகளையும் இணையத்திலே சேமித்து வைக்கும் ஒன்டிரைவ் போன்றவற்றில் நிதானம் வேண்டும். பயன்படுத்தாதவர் நிறுத்தலாம், பேரப்பிள்ளைகளின் படங்கள் அதன் வழியாகவே வந்து சேருகின்றன என்றால் இருக்கட்டும்.

பெயரைக் கண்டு ஏமாறவும் கூடாது. கிருமிகள் விண்டோஸின் சொந்தப் பணியாட்களின் பெயரையே சூடிக்கொண்டு வருவதுண்டு. ஐயம் எழுந்தால், அந்த வரியின் மேல் வலப்பக்கச் சொடுக்கு ஒன்று கொடுத்து, கோப்பு எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். பெரிய நிறுவனத்தின் பெயரைத் தாங்கியது ஏதோ ஒரு தற்காலிகக் கோப்புறைக்குள் ஒளிந்திருந்தால், அது விருந்தாளி அன்று, திருடன். அப்போது நிறுத்துவதோடு அமையாமல், பாதுகாப்பு மென்பொருளைக் கொண்டு கணினி முழுவதையும் சோதிக்க வேண்டும். பென்டிரைவ் வழியே இத்தகைய கிருமிகள் ஊர் ஊராகப் பரவிய காலம் ஒன்று இருந்தது. 2008ஆம் ஆண்டு தோன்றிய கான்ஃபிக்கர் அவ்வகையில் பேர்போனது.

ஒரு நேரத்தில் இரண்டு மூன்றை மட்டும் நிறுத்துங்கள். கணினியை மறுபடி தொடங்குங்கள். ஒலி வருகிறதா, அச்சுப்பொறி இயங்குகிறதா, தமிழ் எழுதுகிறதா என்று பாருங்கள். சரியாக இருந்தால் நோட்டில் ஒரு குறி இட்டு, அடுத்த இரண்டுக்குச் செல்லுங்கள். ஒரே மூச்சில் இருபதை நிறுத்திவிட்டு ஏதோ ஒன்று ஓடாமற் போனால், எந்த ஒன்றால் வந்த வினை என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு.

இந்தப் பட்டியலில் அகப்படாமல் வேறு வழிகளில் நுழைபவையும் உண்டு. சில, 'சர்வீஸ்' என்னும் பணிகளாகப் பின்கட்டில் உறைகின்றன. சில, நேரம் குறித்து வைத்த வேலைகளாக வருகின்றன. அனைத்தையும் ஒரே இடத்தில் காட்டும் ஆட்டோரன்ஸ் என்ற கருவியை மார்க் ருசினோவிச், பிரைஸ் காக்ஸ்வெல் என்னும் இருவர் உருவாக்கினர். அவர்களுடைய நிறுவனத்தை 2006ஆம் ஆண்டு மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டது. கருவி இன்றும் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் அது அறிந்தவர் கையில் இருக்க வேண்டிய கத்தி. சர்வீஸ்களில் கை வைப்பதாயின், மைக்ரோசாஃப்ட் தந்தவற்றை மறைத்துவிடும் கட்டத்தில் முதலில் குறியிடுங்கள். அவற்றையும் சேர்த்து நிறுத்தியவர்கள், மறுமுறை தம் கணினிக்குள் தாமே நுழைய முடியாமல் வாசலில் நின்றதுண்டு.

ஊரெங்கும் உலவும் இரண்டு பொய் மருந்துகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்த எட்டெழுத்துப் பலகையிலேயே, சில்லின் எண்ணிக்கையை மிகுத்து வைத்தால் கணினி பறக்கும் என்று சிலர் சொல்கின்றனர். விண்டோஸ் எப்போதுமே இருக்கும் எல்லாச் சில்லுகளையும் பயன்படுத்தத்தான் செய்கிறது; அதை மாற்றுவதால் பயனில்லை. மற்றொன்று, கணினியைத் துப்புரவு செய்வதாக விளம்பரப்படுத்தப்படும் மென்பொருள்கள். அவற்றில் பல, நிறுவியவுடன் தாமே தொடக்கப் பட்டியலில் ஏறி அமர்ந்து, நாள்தோறும் நம்மைப் பயமுறுத்திப் பணம் கேட்கின்றன. களை பறிக்க வந்தவன் வயலிலேயே குடிசை போட்டுக்கொண்டது போல.

இவ்வளவும் செய்து, பெரியம்மாவின் கணினி எப்படி ஆயிற்று என்று கேட்பீர்கள். முப்பத்தொரு பெயர்கள் இருந்தன, ஒன்பதை வைத்துக்கொண்டோம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கிட்டோம்: முன்னர் ஏழு நிமிடம், பின்னர் இரண்டரை. அதற்கு மேல் குறையவில்லை. குறையாது. சுழலும் தட்டின் எல்லை அவ்வளவே. அதைக் கழற்றிவிட்டு, அசையும் உறுப்பே இல்லாத எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பகத்தைப் பொருத்தினால், பன்னிரண்டு மில்லி வினாடி என்று நான் சொன்ன கணக்கு ஒரு மில்லி வினாடியின் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். பழைய கணினிக்குப் பணம் செலவிடுவதாயின், நினைவகத்துக்கும் இதற்கும் செலவிடலாம். வேறெதற்கும் நான் செலவிட மாட்டேன்.

இன்னொரு எல்லையும் உண்டு. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. விண்டோஸ் 11க்குத் தேவையான பாதுகாப்புச் சில்லு பழைய கணினிகள் பலவற்றில் இல்லை. அத்தகைய வீட்டார்க்குக் கேரளப் பள்ளிகளே ஒரு வழி காட்டியிருக்கின்றன. அங்கே பிள்ளைகள் கற்பது விண்டோஸ் அன்று. கட்டற்ற மென்பொருளாகிய லினக்ஸ். கைட் என்ற அரசு நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு பள்ளிகளுக்கென்றே அதைத் திருத்தி வெளியிடுகிறது, வீட்டிலும் நிறுவிக்கொள்ளலாம். அதிலும் தொடக்கப் பட்டியல் உண்டு; அதிலும் ஐபஸ் என்று ஒரு பெயர் இருக்கும். அதை நிறுத்திவிடாதீர்கள். தமிழ் எழுதுவது அதன் வழியாகத்தான்.

விண்டோஸிலேயே இருப்பவர்க்கு ஒரு வசதி வந்திருக்கிறது. 2019ஆம் ஆண்டு முதல் விண்டோஸ் 10இல், ஒலியைக் கொண்டு தமிழ் எழுதும் விசைப்பலகை உள்ளேயே தரப்பட்டது; வேறு மென்பொருள் தேவையில்லை. பெரியம்மாவிடம் அதைப் பழகச் சொன்னேன். அவர் இரண்டு நாள் முயன்று பார்த்துவிட்டு, விரல்கள் பழைய வழியையே தேடுகின்றன என்றார். சரி என்று, பழையதையே மறுபடி பட்டியலில் ஏற்றினோம். நோட்டுப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தில், அதன் பெயருக்கு நேரே, "இதைத் தொடாதே" என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதி, கணினிக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்.